மிச்சம் வரக்கூடாத நாலு ரூபாய்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசைவீடுகளில், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிக்கனத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இருநூறு ரூபாயை ஐந்தும் ஆறுமாக மூன்று வருஷத்துக்கு மேல் சேர்த்து முடித்தவள் நான். அதுவும் அழுதுகொண்டு சேர்க்கவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டு சேர்த்தோம். அந்தச் சிரிப்பு எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

நாங்கள் இருந்தது பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். குறுக்குப்பாதையில் இறங்கினால் இரண்டு மணி நேரத்தில் பதுளை டவுன். திரும்பி ஏறுவதற்கு பஸ்தான், ஆளுக்கு அறுபது சதம். எழுபதாம் ஆண்டு மழைக்காலத்தில் அவர் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தி வழுக்கி முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. தேயிலைச் செடியின் அரைக் கைப் பருமனுள்ள வாதுகளை ஒரே வீச்சில் சாய்க்கிற கத்தி அது. நாலு மாதம் அவரால் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போக முடியவில்லை. என் ஒற்றைச் சம்பளத்தில் மூன்று வயிறு, மருந்து, ஆஸ்பத்திரிக்குப் போகவர. அந்த நேரத்தில்தான் மாதா கோவிலில் எங்களோடு பூசை காணும் ஒருத்தி, பதுளையில் ஒரு டீச்சரம்மா கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்பிள்ளையைத் தேடுகிறார் என்று சொன்னாள்.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அவளுக்கு அப்போது ஆறு வயது.

டீச்சரம்மா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும், மண்ணை வாரித் தூற்றிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இருநூறு ரூபாயை என் கையில் வைத்து, "இதத் திருப்பிக் குடுக்குற அன்னைக்கு புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போ. அவசரம் இல்ல. வேலைக்காரின்னு நெனைக்காத, என் கொழந்தைக்கு ஒரு தொணை. எழுத்தும் சொல்லிக் குடுக்கிறேன்" என்றார். சொன்னபடியேதான் செய்தார். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் பிள்ளையை எங்களோடு அனுப்புவார், மூன்று மணிக்கு வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். மாதத்துக்கு ஒரு நாள், அதில் நாலு மணி நேரம். இதுதான் ஏற்பாடு.

அந்த இருநூறு ரூபாய் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். கால் ஆறியது, அவர் வேலைக்குப் போனார், பிள்ளை மட்டும் பதுளையில் இருந்தாள். நான் ஒரு காலிப் பால்மா டின்னைக் கழுவி அடுப்புக்கு மேல் பலகையில் வைத்தேன். அது நிறைந்தால் என் பிள்ளை வீட்டுக்கு வரும். அவ்வளவுதான் கணக்கு.

முதல் மூன்று மாதம் நான் ஒரு பேய் மாதிரிச் சேர்த்தேன். அவருக்குப் புகையிலை கிடையாது. எனக்கு வெற்றிலை கிடையாது. தேத்தண்ணிக்குச் சீனி கிடையாது. சாயங்காலம் ஏழு மணிக்கே விளக்கை ஊதிவிடுவேன். அவர் ஒரு வாய் அதிகமாகச் சோறு கேட்டால் என் கண் டின்னுக்குப் போகும், அதைப் பார்த்துவிட்டு அவர் கையைக் கழுவிவிடுவார். ஒருவரோடு ஒருவர் பேசுவதைக்கூட நிறுத்தியிருந்தோம். பேசினால் செலவைப் பற்றித்தான் பேச்சு வரும், அது சண்டையில் முடியும். பதுளைக்குப் பிள்ளையைப் பார்க்கப் போனபோதும் கோவில் வாசலில் அவளை மடியில் வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஒரு இனிப்புகூட வாங்கிக் கொடுக்கவில்லை. அவள் இரண்டு மணிக்கே, "வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டாள். எந்த வீட்டைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

நாலாம் மாதம் அவர் டின்னில் கை வைத்தார். பதினெட்டு ரூபாய் இருந்தது. சாராயத்தவறணையில் பதினொன்றை முடித்துவிட்டு, மீதி ஏழு ரூபாயை என் முன்னால் வைத்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து அழுதார்.

"நாசமாப் போற மனுஷா, அது சாராயம் இல்ல, புள்ளயோட காலு கையி! அதையா குடிச்சிட்டு வந்த?" என்று கத்தினேன். லயம் முழுக்க வந்து எட்டிப்பார்த்தது.

"என்னயத் திட்டு. நல்லாத் திட்டு. ஆனா இப்பிடி என்னால முடியாது புள்ள. உசுரோட செத்துக் கெடக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது எனக்கே தோன்றியது, அந்த மனுஷன் சொன்னதில் தப்பில்லை என்று. எனக்கும் அப்படித்தான் இருந்தது, நான் சாராயம் குடிக்கவில்லை, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் அவருக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு சட்டம் போட்டேன். சம்பளத்தில் ஐந்தோ ஆறோ டின்னுக்குப் போகும், அதில் யாரும் கை வைக்கக்கூடாது. அதோடு நாலு ரூபாய் தனியாக எடுத்து வைப்போம். அது ஆசைக்காசு, பஸ் காசும் அதிலேயேதான். பதுளைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை அதைச் செலவழித்தே தீர வேண்டும். உப்பு, புளி, மண்ணெண்ணெய் என்று வீட்டுக்கு ஆகிற ஒரு சாமானையும் அதில் வாங்கக்கூடாது. பஸ் ஏறி வீட்டுக்கு வரும்போது ஒரு சதம்கூட மிச்சம் இருக்கக்கூடாது.

"மிச்சம் வந்தா?" என்றார்.

"வந்தா அடுத்த மாசம் ஆசைக்காசு கெடையாது."

அவர் சிரித்தார். கால் வெட்டுப்பட்ட பிறகு அந்த ஆள் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நம்பமாட்டீர்கள், அந்த நாலு ரூபாய் வந்த பிறகு டின் சீக்கிரமாக நிறைய ஆரம்பித்தது. மாதம் முழுக்கப் பேச எங்களுக்கு விஷயம் கிடைத்துவிட்டது. "இந்தத் தடவ என்ன செய்யப் போறீங்க?" என்று நான் கேட்பேன். "யோசிக்கணும்ல, சட்டுனு சொல்ல முடியுமா?" என்று பெரிய துரை மாதிரிப் பதில் சொல்வார். அவருடைய ஆசை சலூனில் சவரம். வீட்டில் மழுங்கின பிளேடும் சவுக்காரமுமாகச் சுரண்டிக்கொள்கிற மனுஷன், மாதத்துக்கு ஒரு தரம் பதுளை பசாரில் சுழல்நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இன்னொருத்தன் கையில் முகத்தைக் கொடுப்பார். கடைசியில் பவுடர் போட்டுவிடுவார்கள். அந்த வாசனையோடு தெருவில் நடக்கும்போது அவர் கால் நொண்டல்கூடக் குறைந்துவிடும்.

என்னுடைய ஆசையைக் கேட்டால் சிரிப்பீர்கள். முஸ்லிம் ஹோட்டலில் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ. எட்டு வயதிலிருந்து கொழுந்து எடுக்கிறவளுக்கு, யாரோ ஒருத்தர் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து முன்னால் வைக்க வேண்டும், அதுதான் ஆசை. வீட்டில் குடிப்பது தூளைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்த தண்ணீர். அங்கே கிளாசில் நல்ல சாயம், மேலே நுரை, தனியாகச் சீனி. நான் அதை அரை மணி நேரம் குடிப்பேன். கடைக்காரர் ஒரு நாளும் எழுந்திரு என்று சொன்னதில்லை.

பிள்ளைக்குக் குச்சியில் ஐஸ்பழம். அப்புறம் நிறை பார்க்கிறது. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு முஸ்லிம் நானா நிறை பார்க்கும் மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பத்துச் சதம் கொடுத்து ஏறி நின்றால் எத்தனை றாத்தல் என்று துண்டுக் கடுதாசியில் எழுதித் தருவார். முதல் தடவை அவள் கேட்டபோது எனக்கு இதென்ன கூத்து என்றிருந்தது. நாள் முழுக்க நாங்கள் கொழுந்தைத் தூக்கிக்கொண்டு தராசுக்கு முன்னால்தானே நிற்கிறோம்! கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று அங்கே வெட்டிவிடுவார்கள். "இந்த நானா ஒண்ணும் வெட்டமாட்டாரா?" என்று அவர் கேட்டார். நானா சிரித்துவிட்டு, "இல்ல தம்பி, உள்ளத உள்ளபடி எழுதுவேன்" என்றார். முப்பத்தாறு றாத்தல் என்று எழுதிக் கொடுத்தார். ஒன்றுக்கும் உதவாத செலவு, அதனாலேயே சட்டப்படி சரி. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் அவள் நிறை பார்த்தாள். துண்டை என்னிடம் கொடுப்பாள், நான் அதைக் கொண்டுவந்து டின்னுக்குள் காசோடு போட்டுவைப்பேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பத்திரண்டு. காசும் ஏறியது, பிள்ளையும் ஏறினாள். டின்னைக் குலுக்கும்போதெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். அந்த நாலு மணி நேரத்துக்கு நாங்கள் வேடம் போட்டோம். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற அக்காவின் நைலெக்ஸ் புடவையை நான் இரவல் வாங்கிக் கட்டிக்கொள்வேன். அவர் கலியாணக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்வார். கொழுந்துக் கறை போகக் கையை எலுமிச்சம் தோலால் தேய்ப்பேன். பிள்ளைக்கு முன்னால் காசைப் பற்றிப் பேசமாட்டோம், 'இது வேண்டாம், விலை கூட' என்று சொல்லமாட்டோம், ஒரு முகச்சுளிப்புகூடக் கிடையாது. மாதம் முழுக்க எண்ணி எண்ணி வாழ்ந்தவர்கள், அவள் முன்னால் மட்டும் எண்ணாத மனுஷர்களாக நடந்தோம். எனக்கு அது பிடித்திருந்தது. மறைப்பானேன், பிள்ளையைப் பார்ப்பதைவிட, பிள்ளைக்கு முன்னால் அப்படி இருக்கிற என்னைப் பார்ப்பதுதான் சில மாதம் எனக்குப் பெரிய ஆசையாக இருந்தது.

வருஷம் ஓட ஓட அவளுக்கு லயம் மறந்துபோயிற்று. ஏழரை வயதில் ஒரு நாள், ஐஸ்பழத்தை நக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, நீங்க ரெண்டு பேரும் என்ன வேல செய்யிறீங்க?"

"நாங்களா? கடைக்கிப் போறது, தேத்தண்ணி குடிக்கிறது, ஐஸ்பழம் திங்கிறது. அதான் வேல" என்றார் அவர்.

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"நம்ம வீட்லயும் லைட் இருக்கா?"

"இருக்கும்மா" என்றேன். குப்பிவிளக்கும் லைட்தானே.

"நான் அங்க வந்தா தெனமும் இப்பிடிப் போலாமா?"

"பின்ன? பாப்பா வந்துட்டா நமக்கு வேற என்ன வேல?" என்றார் அவர். அந்த நேரத்தில் நான் அவர் காலை மிதித்திருக்க வேண்டும். மிதிக்கவில்லை. அவர் முகத்தில் பவுடர் வாசனை அடித்துக்கொண்டிருந்தது, பிள்ளை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு பஞ்சம் வந்தது. அந்த வருஷங்களைத் தோட்டத்தில் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள் வேலை கொடுத்தால் பெரிய விஷயம். கூப்பன் அரிசியைக் குறைத்தார்கள், கோதுமை மா கிடைக்கவில்லை, பாண் ரொட்டிக்கு விடியற்காலையிலிருந்து வரிசை. மரவள்ளிக் கிழங்கு கிடைத்த நாள் நல்ல நாள். லயத்தில் மனுஷர்கள் வீங்கிய காலோடு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள், எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. எங்கள் வரிசையில் மட்டும் அந்த மழைக்காலத்துக்குள் நாலு சாவு.

அப்போதும் நாங்கள் டின்னில் போட்டோம். இரண்டு ரூபாய், ஒரு ரூபாய், அதுவும் இல்லாத மாதம் ஐம்பது சதம். ஆசைக்காசையும் விடவில்லை. பக்கத்துக் காம்பரா அக்கா புடவையை நீட்டிக்கொண்டே, "ஏன்டி, வயித்துக்கு இல்லாம கெடந்துட்டு இதென்னடி சவரமும் ஐஸ்பழமும்? ஒங்களுக்குப் பைத்தியமா?" என்றாள். எனக்கு வாயில் நல்லா வந்தது, புடவை அவளுடையது என்பதால் அடக்கிக்கொண்டேன். ஆசைக்காசை நிறுத்தினால் டின்னும் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். முன்னால் ஒரு தடவை பார்த்தவள் நான். ஆனால் ஆசைகள் தாமாகவே மாறிப்போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சலூனைத் தாண்டி நடந்தார். "சவரம் வேணாம் புள்ள. ஒரு பாண் துண்டு திங்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். பாண் வீட்டுக்கு ஆகிற சாமானா, ஆசையா என்று இரண்டு பேரும் தெருவில் நின்று வழக்குப் பேசினோம். வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இங்கேயே தின்றுவிட்டால் ஆசைதான் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். பிள்ளைக்கு ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவள் வேடிக்கை பார்க்கிற பக்கமாகத் திருப்பி நிற்கவைத்துவிட்டு, நாங்கள் அவளுக்குப் பின்னால் நின்று பாண் தின்றோம்.

அவள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு, ஐம்பத்தொன்று, ஐம்பத்துநாலு. அந்தத் துண்டுகளைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

எழுபத்துநாலில் ஒரு சம்பளத்தோடு டின்னில் இருநூறு சேர்ந்தது. இரண்டு தரம் எண்ணினோம், மூன்றாம் தரம் எண்ண அவர் விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மா வீட்டு முன்னறையில் அந்தக் காசை மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"இப்ப என்ன அவசரம்?" என்றார். "காலம் இப்பிடிக் கெடக்கு. இன்னும் ஒரு ஆறு மாசம் போகட்டுமே. இங்கயும் முந்தி மாதிரி இல்லதான், ஆனா ஒரு வேளச் சோறாச்சும் இருக்கு. அந்தக் காசுல நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க. ஒங்க மூஞ்சியக் கண்ணாடில பாத்தீங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மூன்று வருஷத்துக் கோபம்.

"எம் புள்ளைக்கு நாங்க சோறு போடுவோம் டீச்சரம்மா. பெத்தவங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

அவர் எழுந்தார். உள்ளே போய் பிள்ளையின் கவுன்களை மடித்து ஒரு பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். காசை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தோம். அந்த அம்மாள் சொன்னதுதான் சரி. இன்றைக்கு எழுதும்போதும் இதைச் சொல்ல எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் அதுதான் சரி.

பஸ்ஸில் அவள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள். லயத்துக்கு வந்ததும் பாட்டு நின்றது. காம்பராவுக்குள் எட்டிப்பார்த்துவிட்டு, "இது யாரு வீடு?" என்று கேட்டாள். நான் இரவல் புடவையை அவிழ்த்துப் பக்கத்துக் காம்பராவில் கொடுத்துவிட்டு, சாக்கு மாதிரிக் கிடந்த என் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு வந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சொல்லமாட்டேன்.

முதல் நாள் அவித்த மரவள்ளிக் கிழங்கை இரண்டு துண்டு தின்றாள். இரண்டாம் நாள் வேண்டாம் என்றாள். மூன்றாம் நாள் பசி பொறுக்காமல் தின்றாள், வயிற்றால் போயிற்று. தோட்ட ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஒரு வெள்ளைத் தண்ணீரைப் போத்தலில் கொடுத்தார், நின்றது, திரும்பவும் வந்தது. அவள் அடம்பிடிக்கிற பிள்ளை இல்லை, அதுதான் இன்னும் கொடுமை. "எப்ப கடைக்கிப் போவோம்?" என்று முதல் வாரம் கேட்டாள். "நாளைக்கு" என்றார் அவர். இரண்டாம் வாரமும் கேட்டாள். அவர் எழுந்து வெளியே போனார். மூன்றாம் வாரம் அவள் கேட்கவில்லை. நாங்கள் விடியலில் மலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வரும்போது வாசற்படியில் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பாள். நான் களைப்பில் எரிந்து விழுவேன். ஒரு நாள் கிழங்கைத் தட்டிவிட்டாள் என்று முதுகில் ஒன்று வைத்தும்விட்டேன். மூன்று வருஷத்தில் அவளை நான் அடித்ததே இல்லை. பதுளையில் அடிக்க என்ன இருந்தது?

ஐந்து வாரம் கழித்து சம்பளம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். பிள்ளை தானாகவே முகம் கழுவி, டீச்சரம்மா கொடுத்த நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். கவுன் தோளில் நிற்காமல் சரிந்தது.

"எங்கம்மா கெளம்பிட்ட?" என்றேன்.

"இன்னைக்குத்தானே அம்மாவும் அப்பாவும் வர்ற நாளு" என்றாள்.

"அடியே, நான்தான் இங்க இருக்கேன்ல! நான் யாரு?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்பதரை வயதுப் பிள்ளை, தெரியாமல் சொல்லவில்லை. "நீங்க இல்ல. ஞாயித்துக்கெழம வர்ற அம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி பாதையைப் பார்த்தாள்.

என் நீளமான வாய்க்கு அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. உள்ளே போனேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், எல்லாம் காதில் விழுந்திருந்தது. எழுந்து கோட்டை எடுத்துப் போட்டார். நான் பக்கத்துக் காம்பராவுக்குப் போய்ப் புடவை கேட்டேன். அக்கா ஒன்றும் கேட்காமல் கொடுத்தாள். டின்னுக்குப் போட இனிமேல் ஒன்றும் இல்லை, சேர்க்க வேண்டியதைச் சேர்த்தாகிவிட்டது. நாலு ரூபாயை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் எழுந்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குறுக்குப்பாதையில் பாதி வழிக்கு மேல் அவளால் நடக்க முடியவில்லை. அவர் நொண்டிக்கொண்டே முதுகில் தூக்கிவந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் முதலில் நிறை பார்க்க வேண்டும் என்றாள். நானா முள்ளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், அவளை இறங்கி இன்னொரு தரம் ஏறச் சொன்னார். துண்டில் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டு, "காசு வேணாம் தங்கச்சி" என்றார்.

நாற்பத்தேழு. ஐந்து வாரத்தில் ஏழு றாத்தல் போயிருந்தது.

"காச வாங்கிக்கங்க நானா" என்று அவர் பத்துச் சதத்தை மிஷின்மேல் வைத்தார். மிச்சம் வரக்கூடாது என்கிற சட்டம் அவருக்கு அப்போதும் ஞாபகத்தில் இருந்தது.

பிள்ளைக்குப் பாணும் பருப்புக்கறியும் வாங்கிக் கொடுத்தோம். தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தின்றாள். பிறகு ஐஸ்பழம். பஸ்ஸுக்கு மட்டும் ஒன்றரை ரூபாயைத் தனியாக எடுத்து அவரிடம் கொடுத்தேன், பெரியவர்கள் இரண்டு, பிள்ளைக்கு அரை டிக்கெட் முப்பது சதம். எனக்கு ஒரு பிளேன்டீ வந்தது. ஆறிப்போகும்வரை அதைக் குடிக்காமல் வைத்திருந்தேன். அந்தத் துண்டுக் கடுதாசி மேசைமேல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. பிள்ளை மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள், ஐந்து வாரமாகப் பேசாததை எல்லாம்.

ஹோட்டல் கடிகாரத்தில் மூன்றாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கையைக் கவுனில் துடைத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

"மணியாச்சு. டீச்சரம்மா தேடுவாங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம், 'இல்லம்மா, இனிமே அங்க போக வேண்டாம்' என்று. அந்த மனுஷன் நான் சொல்வேன் என்றுதான் பார்த்தார். நான் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். அவள் முன்னால் நடந்தாள், நாங்கள் பின்னால் நடந்தோம். எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று எங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். கதவைத் திறந்த டீச்சரம்மா பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள போ, சோறு இருக்கு" என்றார். அவள் உள்ளே போகும் முன்னால், எப்போதும்போல எங்களுக்குக் கையசைத்தாள்.

"அடுத்த மாசம் வருவீங்கல்ல?" என்றாள்.

"வருவோம்மா" என்றார் அவர்.

பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தோம். கண்டக்டர் வந்ததும் அவர் ஒன்றரை ரூபாயையும் நீட்டி, "ரெண்டரை" என்றார். கண்டக்டர் எங்களுக்கு நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தார். இரண்டு டிக்கெட்டைக் கிழித்து அவர் கையில் வைத்து, முப்பது சதத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஆசைக்காசில் மிச்சம் வந்துவிட்டது. அவர் அந்தச் சில்லறையை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டிக்கொண்டே இருந்தார். நான் வாங்கவில்லை. தோட்டத்துச் சந்தியில் இறங்கும்வரை அவர் கையை மூடவும் இல்லை.